கசெட்டில் இல்லாத வயலின்

"பிழை! பிழை!"

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழும்பி நின்று கத்தினார். கத்தியவர் சும்மா ஆள் இல்லை. வெள்ளவத்தையில் பாட்டு என்றால் அவருடைய கடைதான் என்று பேர் எடுத்தவர். அவர் பிழை என்றால் மண்டபத்தில் பாதிப் பேர் பிழை என்பார்கள். அன்றைக்கும் சொன்னார்கள்.

நான் மேடையின் ஓரத்தில் மைக்கைப் பிடித்தபடி நிற்கிறேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளன் நான். பாடவும் தெரியாத, வாசிக்கவும் தெரியாத ஒரே ஆள். பாடகர் திறந்த வாயை மூடாமல் நிற்கிறார். கிற்றார் நின்றுவிட்டது. கீபோர்ட் நின்றுவிட்டது. குழுவை நடத்தும் மாஸ்டர் என்னைப் பார்த்து முறைக்கிறார், ஏதோ நான்தான் வாசித்த மாதிரி.

ஒரு வயலின் மட்டும் நிற்கவில்லை.

அதை வாசித்துக்கொண்டிருந்தவர் யோகா அக்கா. அத்தனை பேர் பிழை என்று கத்துவது காதில் விழுந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். கண்ணை மூடியபடி, வில்லை நிறுத்தாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

போர்க்காலக் கொழும்பில் நெஞ்சு படபடத்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. சந்தோஷத்தில் படபடத்தது அந்தப் பின்னேரம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று விளங்க வேண்டுமானால், முதலில் ஒரு வெட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ரேப்பைத் தின்ற மெசின்

அந்த நாட்களில் விருப்பமான பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் ரெக்கோடிங் பாருக்குப் போக வேண்டும். வெறும் கசெட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, நான் பின்னேரங்களில் பாருக்குப் போகிறேன் என்று யாரோ சொல்லக் கேட்டு, சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்தே கதைக்கவில்லை. கடையைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் சோற்றைக் கையால் தொட்டார்.

காலி வீதியில் இருந்த அந்தக் கடையின் முதலாளி சந்திரன் அண்ணை. முதலில் கத்தினார் என்றேனே, அவரேதான்.

ஒருமுறை மதராசிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பையில் ஒரு புதுப்படக் கசெட் வந்தது. படத்தின் பெயர் வேண்டாம். அங்கே அது ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். அதில் இருந்த ஒரு பாட்டு மட்டும் இங்கே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை என்று ஓடு ஓடென்று ஓடியது. றேடியோவில் அது வந்ததே இல்லை. எல்லோரிடமும் இருந்தது சந்திரன் அண்ணை பதிந்து கொடுத்த பிரதிதான்.

அந்த மூலக் கசெட்டை, முதல் பிரதி பதியும்போதே மெசின் தின்றுவிட்டது. இரண்டாவது இடையிசை வரும் இடத்தில் ரேப், அதாவது உள்ளே ஓடும் ஒலிநாடா, கசங்கி நூலாகப் போயிற்று. சந்திரன் அண்ணை அசரவில்லை. கசங்கிய துண்டை பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் செலோ ரேப்பால் ஒட்டினார். அதற்குப் பிறகு பதிந்த பிரதி எல்லாம் அந்த ஒட்டோடுதான் போனது.

அதனால் கொழும்புக்குத் தெரிந்த பாட்டு இப்படித்தான் இருந்தது. முதல் சரணம் முடியும். வயலின்கள் கூட்டமாக ஏறத் தொடங்கும். ஏறும், ஏறும், உச்சியைத் தொடும். டக்! அடுத்த கணம் பாடகர் இரண்டாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருப்பார், அதுவும் இரண்டாவது சொல்லிலிருந்து. அந்தச் சரணத்தின் முதல் சொல் என்னவென்று கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

சனத்துக்கு அது குறையாகப் படவே இல்லை. அந்த 'டக்'தான் பாட்டின் ருசி என்று நினைத்தார்கள். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து ஒருமுறை துள்ளுவார்கள்.

இனி எங்கள் குழுவின் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். அந்த வெட்டை நாங்கள் மேடையில் அப்படியே வாசித்தோம்! கிற்றார், கீபோர்ட், தபேலா, வயலின் எல்லாம் உச்சியில் ஒரே நேரத்தில் செத்து, அதே கணத்தில் பாடகர் இரண்டாவது சொல்லில் பாய வேண்டும். லேசான வேலையா? கொட்டாஞ்சேனையில் அல்போன்ஸ் மாஸ்டர் வீட்டு முன்விறாந்தையில் வாரக் கணக்கில் ஒத்திகை பார்த்தோம். யாராவது அரை நொடி பிந்தினால் மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் ஒரு இசைக்குழுவுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம் ஒன்றுதான்: "அப்பிடியே கசெட் மாதிரி!" அதைக் கேட்டால் மாஸ்டருக்கு அன்று சாப்பாடு தேவையில்லை. குழுவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் பழைய கோபங்கள் சில கடிதமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

வராமல் போன தும்மல்

யோகா அக்கா யாழ்ப்பாணத்தில் முறையாக வயலின் படித்தவர். சண்டை மூர்க்கமான ஒரு காலத்தில் தாயாரோடு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து இருந்தார். பாமன்கடை, ஹெவ்லொக் டவுன் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். சனி ஞாயிறுகளில் எங்கள் குழு. ஆம்பிளையள் நிறைந்த குழுவில் ஒரே பெண். எங்கள் எல்லோரையும் விட நன்றாக வாசிப்பவர் என்பதால் ஒருவரும் வாய் காட்டுவதில்லை.

ஒருநாள் இரண்டு பேரும் பஸ்ஸால் இறங்கி வருகிறோம். செக் பொயின்றில் ஒரு ஆமிக்காரர் வயலின் பெட்டியைக் காட்டி, "மே மொகக்த?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். யோகா அக்கா திறந்து காட்டினார். அந்த மனிதர் உள்ளே துழாவிவிட்டு, ஒரு தந்தியை விரலால் சுண்டிப் பார்த்தார். அது ணங் என்றது. "ஹரி, யன்ன" என்று விட்டுவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். யோகா அக்கா நாலடி நடந்ததும் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பாலா, ரெண்டாம் தந்தி கொஞ்சம் இறங்கிக் கிடக்கு. அவர் தட்டினபடியாத்தான் தெரிஞ்சுது."

அவர் அப்படிப்பட்ட ஆள். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனால் அவர் வாசிக்கத் தொடங்கினால் நான் மேடையில் இடம் மாறி, அவருடைய இடக்கை விரல்கள் தெரியும் பக்கமாகப் போய் நின்றுவிடுவேன். என் கையில் மயிர் எழும்பும். அதற்கு ராகம் படித்திருக்கத் தேவையில்லை.

அவரிடம் ஒரு வில்லங்கம் இருந்தது. எதையும் ஒரு மாதிரி இரண்டு தரம் வாசிக்க அவருக்கு வராது. மாஸ்டருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். அந்த வெட்டு வரும்போது மட்டும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். வந்த தும்மல் வராமல் போனவரின் முகம்.

"மாஸ்டர், இவ்வளவு தூரம் ஏத்திப்போட்டு அந்தரத்தில விட்டா எப்பிடி? இறக்க வேணுமெல்லோ?"

"கசெட்டில இறக்கலியே மகள்."

"கசெட்டில வெட்டுப்பட்டுக் கிடக்கு."

"கிடக்கட்டுமே. சனத்துக்கு அந்த வெட்டுத்தான் வேணும்."

ஒரு கல்யாண வரவேற்பில் அவர் பொறுக்க முடியாமல் இறக்கிவிட்டார். சின்ன இறக்கம்தான், நாலைந்து வில்லுக்குள் முடிந்துவிட்டது. அதற்கே மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கு வந்துவிட்டார். "பாட்டுத் தெரியாட்டி ஏன் வாறியள்?" என்று கேட்டார். அன்று திரும்பி வந்ததும் மாஸ்டர் யோகா அக்காவிடம் தன்மையாகத்தான் சொன்னார். இன்னொரு தரம் நடந்தால் மன்னிக்க வேண்டும், தான் வேறு வயலின்காரரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

சந்திரன் அண்ணையும் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். பிரபலமான பாட்டுகளை வயலினில் வாசித்துத் தந்தால் தன் செலவில் கசெட் போட்டு வெளிநாடெல்லாம் அனுப்பலாம் என்றார். யாருக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு!

"எனக்கு வாற மாதிரி வாசிக்கலாமோ?" என்று யோகா அக்கா கேட்டார்.

"இல்லைத் தங்கச்சி. கசெட்டில இருக்கிற மாதிரி."

"அப்ப நீங்கள் அந்தக் கசெட்டையே வில்லுங்கோவன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் வீதியில் நின்று கைதட்டாத குறை.

சுவிசிலிருந்து வந்தவர்

அப்போதுதான் குணம் அண்ணை வந்து இறங்கினார். சுவிசில் வருஷப் பிறப்புக்குத் தமிழ்ச் சனத்துக்குக் கலைவிழா நடத்துகிறவர். கொழும்பு வெயிலில் தோல் ஜக்கெற் போட்டுக்கொண்டு திரிந்தார். இங்கிருந்து ஒரு இசைக்குழுவைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும், விசா எல்லாம் தன் பொறுப்பென்றும் சொன்னார்.

விசா! அந்த நாளில் அந்தச் சொல் என்ன செய்யும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கிற்றார் வாசித்தவன் அன்றைக்கே குளிர்ச் சட்டை தேடத் தொடங்கிவிட்டான். அறிவிப்பாளன் அங்கேயே இருக்கிறான் என்று குணம் அண்ணை சொல்லிவிட்டதால் எனக்கு இடமில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு யோகா அக்காவுக்காகச் சந்தோஷப்படத் தொடங்கினேன்.

ஏனென்றால் அவருடைய ஒரே தம்பி ரமணன் அங்கேதான் இருந்தான். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்து, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் கையைப் பிடித்து அகதியாகப் போனவன். போய்ப் பல வருஷம். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை. அவனால் திரும்பி வர முடியாது, அக்காவால் அங்கே போக வழியில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்க யோகா அக்காவுக்கு இருந்தது இந்த ஒரு வாசல்தான்.

குணம் அண்ணை போட்ட கட்டளையும் ஒன்றுதான். "அங்க சனம் இந்தக் கசெட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் ஊரை நினைக்குது. ஒரு இம்மி பிசகக் கூடாது. வெள்ளவத்தையில ஒரு புரோகிராம் வையுங்கோ, நான் வந்து பாக்கிறன்."

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒத்திகை முடிந்து போகும்போது நான் யோகா அக்காவின் பின்னால் ஓடினேன்.

"அக்கா, நாளைக்கு மட்டும். கையெடுத்துக் கும்பிடுறன். நாளைக்கு மட்டும் வெட்டிவிடுங்கோ."

"விசரே உமக்கு? எனக்கு என்ர தம்பியப் பாக்க வேணும். வெட்டுவன். கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவன், இருந்து பாரும்."

அன்று ஒத்திகையில் அவர் வெட்டிய வெட்டு அவ்வளவு துல்லியம். மாஸ்டர் அந்த மகிழ்ச்சியில் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

அந்த உச்சி

இருட்டுவதற்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் அந்த நாளில் நிகழ்ச்சிகள் மத்தியானமே தொடங்கிவிடும். மண்டபம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் ஜக்கெற்றோடு குணம் அண்ணை. மூன்றாம் வரிசையில் சந்திரன் அண்ணை, மடியில் ஒரு டூ-இன்-வன் றெக்கோடரோடு.

எல்லாம் அச்சொட்டாகப் போனது. ஒவ்வொரு பாட்டுக்கும் "கசெட் மாதிரி!" என்ற குரல் வந்தது. குணம் அண்ணை தொடையில் தாளம் போட்டார். மாஸ்டர் வாசித்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கண்ணடித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கடைசிப் பாட்டாக அதை அறிவித்தேன். சனம் ஆர்ப்பரித்தது. முதல் சரணம் முடிந்தது. யோகா அக்கா ஏறத் தொடங்கினார். ஏறினார், ஏறினார். பிள்ளைகள் துள்ளுவதற்குத் தயாராகக் கதிரைகளில் ஏறி நின்றார்கள்.

டக்!

கிற்றார் நின்றது. கீபோர்ட் நின்றது. தபேலா நின்றது. பாடகர் வாயைத் திறந்தார். வயலின் மட்டும் அந்த உச்சியில் நின்று பாடிக்கொண்டேயிருந்தது. துள்ளிய பிள்ளைகள் அப்படியே திகைத்துப்போய் மேடையைப் பார்த்தார்கள்.

எனக்கு உயிர் போய்விட்டது. 'அக்கா, தம்பி! தம்பி!' என்று மனசுக்குள் கத்துகிறேன். அப்போதுதான் சந்திரன் அண்ணை எழும்பி "பிழை!" என்றார். மண்டபம் அதைப் பிடித்துக்கொண்டது. யோகா அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த உச்சியிலிருந்து ஒரு படி கீழே வைத்தார்.

எங்கள் தபேலாக்காரன் மாளிகாவத்தை நவாஸ். வாயில் எப்போதும் வெற்றிலை. அவன் மைக் இல்லாமலே சொன்னது எனக்குக் கேட்டது:

"நீங்க வாசிங்க அக்கா. நான் பக்கத்தில ஈக்கிறேன்."

அவன் கை தோலில் விழுந்தது. ஆகா! அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி எழுத? அவர் நேராக இறங்கவில்லை. ஒரு படி இறங்குவார், பாதியில் மனம் மாறித் திரும்ப ஏறிப் பார்ப்பார், பிறகு இரண்டு படியாகச் சறுக்குவார். நவாஸ் ஒவ்வொரு படியிலும் கீழே நின்று பிடித்துக்கொண்டான். பின் வரிசையில் ஒரு அம்மா, "சத்தம் போடாதேங்கோ! கேக்க விடுங்கோ!" என்று அதட்டினார். கத்தியவர்கள் ஒவ்வொருவராகக் கதிரையில் இருந்தார்கள். கடைசியாக இருந்தவர் சந்திரன் அண்ணை. இருந்ததும் முதல் வேலையாக மடியைக் குனிந்து பார்த்தார், றெக்கோடரில் சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்று.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வயலின் அடிவயிற்றுச் சுரத்துக்கு வந்து, பாடகரின் காலடியில் பாட்டை வைத்தது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாம் சரணத்தின் இரண்டாவது சொல்லைப் பிடித்தார். முதல் முதலாக அந்தச் சரணம் எங்கிருந்தோ வந்து விழாமல், வர வேண்டிய இடத்திலிருந்து வந்தது.

பாட்டு முடிந்ததும் மண்டபம் கிளம்பியது பாருங்கள்! விசில், காலால் நிலத்தில் உதைப்பு, கதிரைகள் விழும் சத்தம், "வன்ஸ் மோர்! வன்ஸ் மோர்!" மாஸ்டர் பழக்கதோஷத்தில் கை காட்ட, குழு திரும்பத் தொடங்கியது. இந்த முறை உச்சியில் யாரும் நிற்கவில்லை, எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். யோகா அக்கா இறங்கினார். முற்றிலும் வேறு மாதிரி!

மண்டபம் முழுக்கச் சிரிப்போடு கத்தியது: "பிழை! பிழை!"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை. தோல் ஜக்கெற் மட்டும் கைதட்டாமல் இருந்தது.

கை கேட்கவில்லை

குணம் அண்ணை பின் அறைக்கு வந்தார். "ட்ரூப் சரி மாஸ்டர். ஆனா வயலினுக்கு வேற ஆளைப் போடுங்கோ. அங்க இந்த விளையாட்டு ஏலாது" என்றார்.

மாஸ்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கட்டிக்கொடுக்க இரண்டு பெண்பிள்ளைகள். யோகா அக்காவிடம் போய் நின்று சொன்னார்: "மகள், நான் சரியா வாசிக்கிறவன். நீங்க வாசிக்கிறவங்க. என்னால இவ்வளவுதான் ஏலும்."

யோகா அக்கா தலையாட்டினார். கோபிக்கவில்லை.

பஸ் ஹோல்ற்றில் நிற்கும்போதுதான் உடைந்தார். பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார்.

"வெட்டத்தான் போனனான் பாலா. சத்தியமா. கை கேக்கேல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, அந்த அழுகைக்குள்ளேயே மறுபடி சிரித்தார். அப்போதுதான் அந்தச் சிரிப்பின் கதையைச் சொன்னார். ஊரில் அவர் வீட்டில் இருந்து சாதகம் பண்ணும்போது, அடுத்த அறையில் படிக்கிற மாதிரிப் படுத்திருப்பானாம் ரமணன். வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை இவர் ஒரு இம்மி மாற்றினாலும் அங்கிருந்து கத்துவானாம், "பிழை!" என்று. அவனுக்கு வயலினில் ஒரு சுரமும் தெரியாது. அக்காவைச் சீண்டுவதற்கென்றே பாடத்தைக் காதால் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தானாம்.

"இண்டைக்குச் சனம் கத்தேக்க, அவன்தான் அடுத்த அறையில இருக்கிறான் எண்டு நினைச்சிட்டன். அதுக்குப் பிறகு எப்பிடி நிப்பாட்டிறது, சொல்லும்?"

பஸ் வந்தது. ஏறினோம்.

பிழையான பாட்டு

அடுத்த வாரம் சந்திரன் அண்ணையின் கடைக்குச் சனம் வந்து கேட்டது: "அண்ணை, அந்தப் பிழையான பாட்டு இருக்கோ?" இருந்தது. மனிதர் முழுவதையும் பதிந்திருந்தார், தான் கத்திய "பிழை" உட்பட. பதிந்து கொடுத்துக் கொடுத்து மெசின் சூடேறியது. பிறகு யோகா அக்காவைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, அண்டைக்கு வாசிச்சியளே, அதே மாதிரி ஸ்ரூடியோவில ஒருக்கா வாசிச்சுத் தாங்கோ. சத்தம் துப்புரவா வரும்."

"அதே மாதிரியோ? அது எனக்கு வராதே அண்ணை."

சந்திரன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்குப் பிறகு, சண்டை எல்லாம் முடிந்த காலத்தில், அந்தப் பாட்டு முழுதாக ஒரு சீடியில் எனக்குக் கிடைத்தது. கதவைப் பூட்டிவிட்டுக் கேட்டேன். வெட்டுப்பட்ட இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு புல்லாங்குழல். சின்னதாக ஒரு ஊதல், அவ்வளவுதான். வயலின் அங்கே இல்லவே இல்லை. இரண்டாம் சரணத்தில் தொலைந்த அந்த முதல் சொல் 'ஆனால்'. இதற்காகவா இவ்வளவு என்று எனக்குக் கோபமே வந்தது. சீடியை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

குழு சுவிசுக்குப் போனது. நவாஸ் போகவில்லை. "அக்கா வராத எடத்துக்கு எனக்கென்னா வேல?" என்று நின்றுவிட்டான். குழுவுக்கு முன்பே பயணம் போன ஒருவரிடம் நான் அந்தப் 'பிழையான பாட்டு'க் கசெட்டில் ஒன்றை ரமணனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். யோகா அக்காவுக்குச் சொல்லவில்லை. தான் வரவில்லை என்பதை அவரும் தம்பிக்குச் சொல்லியிருக்கவில்லை.

வருஷப் பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் கொமினிகேஷன் என்று ஒரு கடை. வெளிநாட்டுக் கோல் வரும் என்று சனம் வாங்குப் பலகைகளில் காத்திருக்கும். கடைக்காரர் பெயரையும் நாட்டையும் சேர்த்துக் கூப்பிடுவார். ரமணன் வழக்கமாக அங்கேதான் எடுப்பான். பாமன்கடையில் வகுப்பை முடித்துவிட்டு யோகா அக்கா வயலின் பெட்டியோடு வந்திருந்தார். நானும் கூட இருந்தேன்.

"யோகேஸ்வரி, சுவிஸ்!"

அவர் ரெலிபோன் கூண்டுக்குள் போனார். கதவு பூட்டாத கூண்டு. கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஓடினேன். சிரிப்பு. பேச முடியாமல் ரிசீவரை என் காதில் வைத்தார்.

"பாலா அண்ணையோ? நான் அங்க போனனான் அண்ணை, புரோகிராமுக்கு. அக்கா வருவா எண்டுதான் போனனான். பாத்தா ஆரோ ஒரு ஆள் இருந்து வாசிக்குது. அந்தப் பாட்டு வந்துது. ஏறிச்சினம், ஏறிச்சினம், டக்கெண்டு வெட்டிப்போட்டினம். எனக்கு வந்துதே ஒரு விசர்! எழும்பி நிண்டு கத்திப்போட்டன்."

"என்னெண்டு?"

"பிழை எண்டு! முழு ஹோலும் திரும்பிப் பாக்குது. குணம் எண்ட மனுசன் ஓடி வந்து, என்ன தம்பி பிழை, கசெட்டில இருக்கிற மாதிரித்தானே எண்டார். இல்லை, பாட்டின்ர மிச்சம் கொழும்பில என்ர அக்காட்டக் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தேன். யோகா அக்கா அதை வாங்கவில்லை. வாங்கில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"நீர் அதைப் பிடியும், பாலா. கிட்டப் பிடியும்."

கனடாக்காரர்களும் லண்டன்காரர்களும் பிரான்ஸ்காரர்களும் காத்திருந்த கடை அப்படியே அமர்ந்தது. கடைக்காரர் விசிறியை நிறுத்தினார். யோகா அக்கா நின்றபடியே வாசித்தார். முதலில் அந்த ஏற்றம், அதே ஏற்றம். உச்சியில் கொஞ்சம் நின்றார். பிறகு இறங்கினார். மண்டபத்தில் இறங்கிய வழியும் இல்லை, வன்ஸ் மோருக்கு இறங்கிய வழியும் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு வழி.

கசெட்டைத் தேயத் தேயக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒருவன் மறுமுனையில் இருந்தான். அவர் பாதி இறங்கியிருப்பார், ரிசீவர் அதிர்ந்தது. வாங்கில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"அக்கா! பிழை!"

யோகா அக்கா வில்லை எடுக்காமல், தலையை ரிசீவர் பக்கம் சரித்து, "ஓமடா!" என்று கத்தினார். கத்திவிட்டு, தொடக்கத்திலிருந்து இன்னொரு முறை, இன்னொரு மாதிரி வாசித்தார்.